ஞாயிறு மாலையை லீக்குக்குத் தாருங்கள்: சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், சிங்கப்பூர் பிரிமியர் லீக்கை நடத்தும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலில் நான் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். லீக் ஆட்டங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையை நிலையான பொழுதாக்குங்கள். தன் பெயரிலேயே வட்டாரத்தைச் சுமந்துகொண்டிருக்கும் குழு அந்த வட்டாரத்திலேயே அந்த ஆட்டங்களை ஆட வழிசெய்யுங்கள். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் 2024-25 பருவத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை பார்த்துவிட்ட பிறகு, நம் லீக்குக்கு இல்லாமற்போனது திறமையோ பணமோ அல்ல, மக்களின் பழக்கமே என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். எந்த நாளில், எந்த இடத்தில் ஆட்டம் நடக்கும் என்று யோசிக்காமலே தெரிந்திருந்தால்தான் ஒரு மனிதர் மாலைநேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புவார். அந்த உறுதியை நம் லீக் நெடுங்காலமாகத் தரவில்லை.

அந்தப் பருவத்தின் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது குழுக்கள், ஒவ்வொன்றும் மற்ற எட்டுக் குழுக்களுடன் நான்கு முறை மோதின. ஆக ஒரு குழுவுக்கு 32 ஆட்டங்கள், மொத்தம் 144. இது 2024ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி 2025ஆம் ஆண்டு மே மாதத்தின் பிற்பகுதிவரை நீண்டது. ஓராண்டுக்கும் மேலான காலத்தில் ஒரு குழு 32 முறை மட்டும் லீக் ஆட்டத்தில் இறங்கினால், அதில் பாதிதான் தன் சொந்த அரங்கில் நடக்கும் என்பதால், ஒரு குழுவை மட்டும் விரும்பிப் பின்தொடரும் ரசிகருக்குச் சராசரியாக மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டருகே ஆட்டம் கிடைக்கும். அதுவும் சீராக வந்ததா என்றால் இல்லை. அனைத்துலக ஆட்டங்களுக்கான இடைவேளைகள், டிசம்பரில் ஆசியான் வெற்றியாளர் போட்டி, கண்ட அளவிலான போட்டிகள் என ஒவ்வொன்றும் பருவத்தை ஒவ்வொரு பக்கமாக இழுத்தன. ஒன்பது குழுக்கள் இருந்ததால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குழு சும்மா இருக்க வேண்டியதும் ஆயிற்று.

இத்தனைக்கும் சிங்கப்பூர்க் குழுக் காற்பந்தின் வரலாற்றில் ஆக உயரமான இரவு அதே பருவத்தில்தான் வாய்த்தது. லயன் சிட்டி செய்லர்ஸ் குழு ஆசிய வெற்றியாளர் லீக் இரண்டாம் நிலைப் போட்டியின் இறுதியாட்டத்துக்குச் சென்றது; கண்ட அளவிலான போட்டி ஒன்றின் இறுதியாட்டத்தை எட்டிய முதல் சிங்கப்பூர்க் குழு அதுதான். காலிறுதியில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் கைகொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஹிரோஷிமாவில் 6-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட ஆட்டம், எதிரணி தகுதியில்லாத ஆட்டக்காரர் ஒருவரைக் களமிறக்கியதால் 3-0 என நமக்குச் சாதகமாக மாற்றப்பட்டது. ஆனால் அரையிறுதியில் சிட்னி எஃப்சியை இங்கே 2-0 என வென்று, அங்கே 1-0 எனத் தோற்று, மொத்தக் கணக்கில் முந்தியதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை.

2025 மே 18ஆம் தேதி பீஷான் விளையாட்டரங்கில் ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஷார்ஜா குழுவுக்கு எதிராக நடந்தது இறுதியாட்டம். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என்பதை நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ. 74ஆம் நிமிடத்தில் ஷார்ஜா கோல் போட்டது. 90 நிமிடங்கள் முடிந்து, தடைப்பட்ட நேரத்துக்காகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களின் தொடக்கத்தில் செய்லர்ஸின் மாக்சிம் லெஸ்டியென் அதைச் சமன் செய்தபோது, அரங்கைச் சுற்றியிருக்கும் வீவக அடுக்குமாடிகளின் தாழ்வாரங்களில் நின்றிருந்தவர்கள்கூடக் கத்தினார்கள். 97ஆம் நிமிடத்தில் மார்கஸ் மெலோனி ஷார்ஜாவுக்கு வெற்றிக் கோலைப் போட்டுவிட்டார். 2-1. தோற்ற பிறகும் இருக்கையைவிட்டு எழ மனமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் ஏராளம். உள்ளூர்க் காற்பந்தைப் பார்க்க இங்கே ஆளில்லை என்று இனி எவரும் என்னிடம் வாதாட முடியாது.

அந்த இரவில் வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய ஆட்டம் என்பது முதல் காரணம்தான்; மறுக்கவில்லை. ஆனால் நாளும் இடமும் நேரமும் பல நாள்களுக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தன. ஞாயிறு மாலை என்பதால் பிள்ளைகளைக் கூட்டிவர முடிந்தது. எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அரங்கம். முன்பு ஹோம் யுனைடெட் என்ற பெயரில் இருந்த காலத்திலிருந்தே அந்தக் குழுவுக்கும் பீஷானுக்கும் உள்ள உறவு பழையது. நான் கேட்கும் எல்லாமே அந்த ஒரு மாலையில் தற்செயலாகக் கூடிவந்திருந்தன.

இனி, அதே பருவத்தின் ஒரு சாதாரண வார நாள் ஆட்டத்துக்கு வாருங்கள். ஜாலான் புசார் அரங்கில் ஆறாயிரம் பேர் உட்காரலாம். பயிற்றுவிப்பாளர் தன் தற்காப்பு ஆட்டக்காரரை எந்தச் சொல்லால் திட்டுகிறார் என்பது எதிர்ப்பக்க இருக்கைவரை கேட்கும். கோல்காவலர் கையுறைகளைத் தட்டிக்கொள்ளும் ஓசையும் கேட்கும். கடைசி நேரப் பெனால்டி ஒன்றை விஏஆர் எனப்படும் காணொளி உதவி நடுவர் அறையில் இருப்பவர்கள் பலமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். முடிவுக்காகக் காத்திருக்கும் அரங்கிலோ, எண்ணத் தொடங்கினால் அந்த இடைவெளிக்குள் எண்ணி முடித்துவிடக்கூடிய கூட்டம்தான் இருக்கும். விஏஆரை 2023ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்துவிட்டோம் என்பதில் நமக்குப் பெருமைதான். இருக்கைகளில் ஆளை உட்காரவைப்பதற்கு முன்னால் அது வந்துவிட்டதே என்ற சிறு வருத்தமும் உண்டு.

அந்தப் பருவத்தில் நடந்த இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 2024 ஜூன் 11ஆம் தேதி பேங்காக்கில் நடந்த உலகக் கிண்ணத் தகுதிச்சுற்று ஆட்டத்தில் தாய்லாந்திடம் நாம் 3-1 எனத் தோற்றோம். ஆனால் கோல்காவலர் ஹசான் சன்னி தடுத்த பந்துகளால் தாய்லாந்துக்கு வேண்டிய கோல் எண்ணிக்கை கிடைக்காமல் போய், சீனா அடுத்த சுற்றுக்குச் சென்றது. மறுநாள் முதல் சீன ரசிகர்கள் தெம்பனிஸ் வட்டாரத்தில் அவர் நடத்தும் நாசி லெமாக் கடையில் வரிசை பிடித்தார்கள். வர முடியாதவர்கள் கடையின் கியூஆர் குறியீட்டைத் தேடிப்பிடித்துப் பணம் அனுப்பினார்கள். கடைசியில் போதும், அனுப்பாதீர்கள் என்று அவரே கேட்டுக்கொள்ளும்படி ஆயிற்று. அந்த நேரத்தில் அவர் அல்பிரெக்ஸ் நீகாத்தா சிங்கப்பூர்க் குழுவின் கோல்காவலர். அவரைக் களத்தில் பார்க்க விரும்பியிருந்தால் லீக் ஆட்டம் ஒன்றுக்குப் போனாலே போதும். கடல்தாண்டி வந்தவர்கள் கடையைத் தேடிப் போனார்கள். இங்கேயே இருக்கும் நாம் அவருடைய ஆட்டம் எந்த நாளில் எங்கே என்பதைக்கூட அறியாதிருந்தோம். அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கையாவது அவர் குழு ஆடிய ஜூரோங் ஈஸ்ட் அரங்குக்குத் திருப்பிவிட ஒரு வாய்ப்பு கைக்கு வந்து நழுவிப்போனது.

பருவ நாள்காட்டியை மாற்றியதற்கான காரணம் எனக்குப் புரிகிறது. ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு தன் குழுப் போட்டிகளை ஆண்டின் பிற்பாதியில் தொடங்கி மறு ஆண்டில் முடிக்கும் முறைக்கு மாற்றிவிட்ட பிறகு, நம் லீக் மட்டும் பழைய முறையில் இருந்தால் ஆசியப் போட்டிக்குப் போகும் குழுக்கள் இரு பருவங்களில் கால்வைத்துத் தடுமாறும். ஆகவே மாற்றம் தேவைதான். ஆனால் அதற்கு நாம் கொடுத்த விலையைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. முன்பு ஆண்டுத் தொடக்கத்தில் ஆரம்பித்து அக்டோபர், நவம்பர்வாக்கில் முடியும் பருவத்தில், ஜூன், ஜூலை மாதங்கள் நம் லீக்குக்குக் கிடைத்த அருமையான காலம். இங்கிலீஷ் பிரிமியர் லீக் ஓய்வில் இருக்கும். பள்ளி விடுமுறையும் ஜூனில்தான் வரும். மழையும் பொதுவாகக் குறைவு. புதிய நாள்காட்டியில் அந்த இரண்டு மாதங்களையும் ஓய்வுக்குக் கொடுத்துவிட்டு, வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களை ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்டோம். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் ஆட்டக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள். பார்வையாளர் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் வேலைக்கோ பள்ளிக்கோ போக வேண்டியவர் எத்தனை நேரம்தான் நிற்பார்? அதோடு, இப்போது ஆகஸ்டிலிருந்து மே வரை இங்கிலாந்து லீக்குடன் வாரந்தோறும் தோளோடு தோள் உரசியே ஓட வேண்டும். இந்த நாட்டில் அந்தப் போட்டியில் யார் முந்துவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

இங்கேதான் ஞாயிறு மாலை துணைக்கு வருகிறது. சனிக்கிழமை இரவு இங்கிலாந்துக்குச் சொந்தம். முன்னிரவு ஏழரை, எட்டரை மணிக்குத் தொடங்கும் முதல் ஆட்டத்திலிருந்து நள்ளிரவு தாண்டும்வரை கோப்பிக்கடைத் திரைகளில் அதுதான் ஓடும். ஞாயிற்றுக்கிழமையில் அங்கே பிற்பகல் இரண்டு மணி ஆட்டம் நமக்கு இரவு ஒன்பதுக்கோ பத்துக்கோதான் தொடங்கும். நம் ஆட்டம் ஐந்தரைக்கோ ஆறுக்கோ தொடங்கினால் எட்டு மணிக்குள் முடிந்துவிடும். வெயில் தணிந்திருக்கும். பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு பக்கத்து உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டுவிட்டு, விருப்பமுள்ளவர் வீட்டுக்குப் போய் லிவர்பூலையும் பார்க்கலாம். ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்ற நிலையை ரசிகருக்கு நாமே ஏன் உண்டாக்க வேண்டும்? ஆசியப் போட்டிகள் செவ்வாய் முதல் வியாழன்வரை நடப்பவை என்பதால், அவற்றில் ஆடும் குழுக்களுக்கும் ஞாயிறு பொருந்தாமல் போகாது. வார நடுவில் வெளிநாடு செல்லும் குழுவுக்கு வேண்டுமானால் அந்த வாரம் மட்டும் ஒருநாள் முன்னதாக ஆட விலக்குத் தரலாம்.

அடுத்து அரங்கங்கள். கேலாங் இன்டர்நேஷனல் குழு தெம்பனிசில் ஆடுகிறது. தஞ்சோங் பகார் யுனைடெட் தீவின் மேற்கே ஜூரோங் ஈஸ்டில் ஆடியது. ஹவ்காங் யுனைடெட் தன் பழைய அரங்கைவிட்டுப் பெயர்ந்தது. ஆரஞ்சுச் சட்டையும் மேளமுமாக வரும் அதன் ரசிகர் கூட்டம் குழு போன இடமெல்லாம் பின்னாலேயே போகிறது என்பது அவர்களுடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையைப் புதிதாக வரக்கூடிய ஒருவரிடம் எதிர்பார்க்க முடியாது. பிடோக்கில் குடியிருப்பவர் ஒருவர் கேலாங் குழு தன் வட்டாரத்து அரங்கில் பயின்று, ஆடி, ரசிகர்களுடன் கலந்து பழகிய காலத்தை நினைவில் வைத்திருப்பார். அவருடைய மகனுக்கு அந்தக் குழு, தெம்பனிஸ் ரோவர்ஸின் வீட்டில் தங்கியிருக்கும் விருந்தாளி மட்டுமே. பக்கத்து வீட்டுக்காரர் மைதானத்தையே தன் வீடு என்று சொல்லிக்கொண்டு அவரோடு உள்ளூர்ப் போட்டி ஆடும் விந்தை வேறு எத்தனை நாடுகளில் நடக்கும் என்று தெரியவில்லை.

இன்றைய பிரிமியர் லீக் 1996ஆம் ஆண்டில் எஸ் லீக் என்ற பெயரில் தொடங்கியபோது அதன் அடிப்படையே வட்டாரம்தான். முந்திய இரண்டு ஆண்டுகளில் நடந்ததை மூத்த ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1994இல் மலேசிய லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒருசேர வென்ற கையோடு சிங்கப்பூர் அணி அந்தப் போட்டிகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. தேசிய விளையாட்டரங்கத்தை நிறைத்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டத்துக்குப் போக்கிடம் இல்லாமற்போனது. அந்தக் கூட்டத்தை எட்டு வட்டாரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் புதிய லீக்கின் எண்ணம். கேலாங், தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், செம்பவாங், பாலஸ்டியர், தியோங் பாரு ஆகிய ஊர்ப்பெயர்கள் ஆறு. காவல்துறை, ஆயுதப்படை அணிகள் இரண்டு. ஈரானின் முகம்மது காக்பூரும் ஹமீது ரெசா எஸ்டிலியும் கேலாங் சட்டையில் ஆடினார்கள். அந்த எஸ்டிலிதான் இரண்டே ஆண்டுகளில் பிரான்சில் நடந்த உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்கு எதிராகக் கோல் போட்டார். நம் சுந்தரமூர்த்தி உட்லண்ட்ஸில் ஆடினார். ஃபாண்டி அகமது ஆயுதப்படைக் குழுவில். முதல் பருவத்தின் முடிவில் தேசிய அரங்கத்தில் ஆயுதப்படைக் குழுவை 2-1 என வென்று கேலாங் வெற்றியாளரானது. இவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே இறங்கிப் போய் அடுத்த தெருவில் பார்க்கலாம் என்பதுதான் அன்றைய கவர்ச்சி.

பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்தன. செம்பவாங் ரேஞ்சர்ஸ் போயிற்று. உட்லண்ட்ஸ் வெலிங்டன் ஹவ்காங்குடன் சேர்ந்து கரைந்தது. கொம்பாக் யுனைடெட் விலகியது. ஒன்பது முறை லீக்கை வென்ற வாரியர்ஸ், அதாவது பழைய ஆயுதப்படைக் குழு, 2020ஆம் ஆண்டில் பணநெருக்கடியால் ஒதுங்கியது. அதன் அரங்கமான சுவா சூ காங்கில் லீக் விளக்குகள் அணைந்தன. இன்று உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன் என்று வடக்கே லட்சக்கணக்கான மக்கள் வாழும் நகரங்களுக்குச் சொந்தமாக ஒரு குழுவும் இல்லை. எஞ்சியிருப்பவற்றில் பலவற்றுக்கோ சொந்த ஊரில் மைதானம் இல்லை.

அரங்கங்கள் உங்களுக்குச் சொந்தமானவை அல்ல, ஸ்போர்ட் சிங்கப்பூர் அமைப்பினுடையவை என்பதை அறிவேன். காலையில் ஓட வருபவர்களும் பள்ளிப் போட்டிகளும் அவற்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். செயற்கைப் புல்தரையில் ஒரே வாரத்தில் பல ஆட்டங்களை வைத்துக்கொள்ளலாம் என்பதும், ஒளிபரப்புக்கும் விஏஆருக்கும் வேண்டிய வசதிகளை ஒவ்வோர் அரங்கிலும் ஏற்படுத்துவது எளிதல்ல என்பதும் நியாயமான காரணங்கள். ஆனாலும் இவை ஏன் முடியாது என்பதற்கான காரணங்கள். எப்படி முடியும் என்று தேடினால் வழி இல்லாமலில்லை. ஒரு குழுவின் சொந்த ஆட்டங்களில் எல்லாவற்றையும் கேட்கவில்லை. பாதியையாவது, முடியாவிட்டால் நான்கைந்தையாவது, பிடோக்கிலும் ஹவ்காங்கிலும் தோ பாயோவிலும் குவீன்ஸ்டவுனிலும் ஆடவிடுங்கள். கண்ட அளவிலான போட்டிகளுக்கு விதிமுறை கடுமை. உள்ளூர் லீக்குக்கான விதிமுறை உங்கள் கையில்தான் இருக்கிறது.

நீங்கள் எதையும் செய்து பார்க்கவில்லை என்று நான் குறைகூற முடியாது. செய்து பார்த்தவை மிகுதி என்பதே என் வருத்தம். 2003ஆம் ஆண்டில் சமநிலையே கூடாது என்று கூடுதல் நேரமும் பெனால்டிகளும் வைத்துப் பார்த்தீர்கள். சீனா, கொரியா, ஆப்பிரிக்கா, பிரான்ஸ் என்று வெளிநாட்டு அணிகளை வரவழைத்தீர்கள். பிரெஞ்சு ஆட்டக்காரர்களைக் கொண்ட எத்துவால் குழு 2010இல் வந்த முதல் பருவத்திலேயே வென்று, மறு பருவம் முடிந்ததும் கிளம்பிவிட்டது. தேசிய அணிக்கான சிறந்த இளையர்களை லயன்ஸ் டுவெல்வ் என்ற பெயரில் மலேசிய லீக்குக்கு அனுப்பியபோது, இங்குள்ள லீக் இரண்டாம் தரம் என்று நாமே அறிவித்ததாக ஆயிற்று. முப்பது வயதைத் தாண்டிய ஆட்டக்காரர்களுக்கு 2015இல் உச்சவரம்பு வைக்கப்போவதாகச் சொல்லிப் பின்வாங்கினீர்கள். நாற்பத்து நான்கு வயதுவரை ஆடிக் கோல் போட்ட அலெக்சாண்டர் டுரிச் ஓய்வுபெற்ற சூடு ஆறுவதற்குள் வந்த யோசனை அது! 2018இல் பெயரை மாற்றினீர்கள், 23 வயதுக்குக் குறைந்தவர்களைக் கட்டாயம் இறக்கச் சொன்னீர்கள். இவற்றில் சில நல்ல எண்ணங்கள்தாம். ஆனால் எல்லாமே களத்துக்குள் நடப்பதைப் பற்றியவை. இருக்கையில் உட்காருபவர் எப்படி வருகிறார், எப்போது வர முடியும் என்ற கேள்வியைக் கேட்டுச் செய்த மாற்றம் ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை.

அல்பிரெக்ஸைப் பற்றி ஒரு சொல். 2004இல் ஜப்பானிய இளையர்களோடு வந்த அந்தக் குழு 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் உள்ளூரின் நான்கு கிண்ணங்களையும் அள்ளியது. 2018இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் லீக்கை வென்றது. அவர்களால் போட்டி சலித்துவிட்டது என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்தான். ஆனால் வெளியூர்க் குழு ஒன்று அக்கம்பக்கத்தில் வேர்விட முயன்ற அளவுக்குச் சில உள்ளூர்க் குழுக்கள் முயலவில்லை என்பதே உண்மை. 2024-25இல் அது உள்ளூர்க் குழுவாக மாறியதும், அதில் ஆடி வளர்ந்த கியோகா நாகமுரா சிங்கப்பூர்க் குடிமகனாகித் தேசிய அணிக்கு வந்ததும் தற்செயலானவை அல்ல. ஓர் இடத்தில் நிலைத்து நின்றதற்குக் கிடைத்த பலன் அது.

நாடு சிறியது, எனவே கூட்டம் சேராது என்ற வாதத்தை உங்கள் அலுவலகத்திலும் கேட்டிருப்பீர்கள். அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள ஃபாரோ தீவுகளின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 54,000. நம் தெம்பனிஸ் நகரத்து மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அங்கும் பத்துக் குழுக்கள் கொண்ட முதல்நிலை லீக் நடக்கிறது. ஏறக்குறைய ஐயாயிரம் பேர் வாழும் கிளாக்ஸ்விக் என்ற மீன்பிடி ஊரின் குழு, 2023ஆம் ஆண்டில் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஸை அதன் சொந்த மண்ணில் 3-0 எனத் தோற்கடித்து, ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக்கின் பிரிவுச் சுற்றுவரை சென்றது. அந்தப் பிரிவுச் சுற்றின் சொந்த ஆட்டங்களை அது தலைநகருக்குப் போய் ஆட வேண்டியிருந்தது, ஏனென்றால் ஊர் மைதானம் அவற்றுக்குப் போதாது. ஆனால் லீக் ஆட்டங்களை ஊரிலேயே ஆடுகிறது. அங்குள்ள குளிரும் காற்றும் நமக்கில்லாத துன்பங்கள். இருந்தும் யார் எங்கே ஆடுகிறார்கள் என்பதில் அங்கே யாருக்கும் ஐயமில்லை.

ஞாயிறு மாலையைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் வாசகர்கள் நடுவே இதை எழுதுவதும் அதனால்தான். ஜாலான் புசார் அரங்கிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியாவின் சையது ஆல்வி சாலை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தமிழகத்திலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்து கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பகுதியில் கூடுகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், மளிகை வாங்குவார்கள், நண்பர்களைப் பார்ப்பார்கள். அதன்பிறகு விடுதிக்குப் பேருந்து ஏறும்வரை புல்தரையில் உட்கார்ந்திருப்பதைத் தவிரச் செய்வதற்கு அதிகம் இல்லை. அவர்களில் காற்பந்து ஆடி வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஆறாயிரம் இருக்கைகள் பக்கத்திலேயே காலியாகக் கிடக்கின்றன என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா? தமிழிலும் வங்காளத்திலும் ஓர் அறிவிப்பு, வேலை அனுமதி அட்டையைக் காட்டினால் குறைந்த கட்டணம், எட்டு மணிக்குள் முடிந்துவிடும் ஆட்டம். இதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. 1998இல் ஹனோயில் டைகர் கிண்ண இறுதியாட்டத்தில் பந்து நம் ஆட்டக்காரர் சசிகுமாரின் தோளில் பட்டு எதிரணி வலைக்குள் போனதை இன்றும் சொல்லிச் சிரித்து மகிழும் சமூகம் நம்முடையது. இந்த விளையாட்டில் நமக்குப் பங்கில்லை என்று யாரும் நினைத்ததில்லை.

இதை இப்போது எழுதுவதற்கு நேரமும் பொருத்தமாக இருக்கிறது. 2025 நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கை அதன் மண்ணில் 2-1 என வென்று, 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தேசிய அணி தகுதிபெற்றது. ஏற்று நடத்தும் நாடு என்ற சலுகையில்லாமல் தகுதி பெறுவது இதுவே முதல் முறை. அன்று கோல் போட்ட ஷவால் அனுவார் கேலாங்கிலும் ஹவ்காங்கிலும் ஆடிச் செய்லர்ஸுக்கு வந்தவர். மற்றொரு கோலைப் போட்ட இல்ஹான் ஃபாண்டி, வெளிநாடு செல்லுமுன் 2022இல் அல்பிரெக்ஸுடன் லீக்கை வென்றவர். பயிற்றுவிப்பாளர் கேவின் லீ, தெம்பனிஸ் ரோவர்ஸில் தொழில் கற்றவர். வீட்டருகே ஏறெடுத்துப் பார்க்காத லீக் உருவாக்கியவர்களைத்தான் அந்த இரவில் நாடு தொலைக்காட்சியில் பார்த்துக் கொண்டாடியது. அந்த உற்சாகம் ஆறுவதற்குள் அவர்களைப் போன்றவர்கள் எங்கே, எப்போது ஆடுகிறார்கள் என்று மக்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

புருணையின் டிபிஎம்எம் குழு மலேசிய லீக்குக்குப் போய்விட்டதால் எட்டுக் குழுக்களானோம். கீழ்நிலைக்கு இறக்கும் முறை இல்லாத லீக்கில் எட்டுக் குழுக்கள் என்றால், பருவத்தின் பின்பாதியில் பல ஆட்டங்களுக்குப் பட்டியலில் பொருளே இருக்காது. அவற்றுக்குப் பொருள் தரக்கூடியது வட்டாரப் பெருமை மட்டும்தான். ஆனால் இந்த எண்ணிக்கையில் ஒரு வசதியும் இருக்கிறது. எட்டு என்றால் சுற்றுக்கு நான்கு ஆட்டங்கள், யாரும் சும்மா இருக்க வேண்டாம். நான்கும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒளிபரப்புக்குச் சிரமம் என்பீர்கள்; இரண்டை ஞாயிறு மாலைக்கு நிலையாக வைத்து, மற்ற இரண்டை உங்கள் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குழுக்களுக்கும் முறைவைத்து அந்த ஞாயிறுகள் வரட்டும்.

சங்கத்தின் இன்றைய தலைவர், செய்லர்ஸ் குழுவுக்கு உயிரூட்டிய நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். பணம் ஒரு குழுவை எவ்வளவு உயரம் கொண்டுபோகும் என்பதை அவர் பீஷானில் காட்டிவிட்டார். மற்ற ஏழு குழுக்களுக்கும் அந்தப் பணம் வராது. அவற்றுக்கு உங்களால் கொடுக்க முடிந்தவை ஒரு நாளும் ஓர் இடமும்தான். அடுத்த பருவத்தின் அட்டவணையை வரையும் முன்பாக, எல்லாக் குழுக்களும் ஒருமுறை மோதி முடிக்கும் முழுச் சுற்று ஒன்றை மட்டும் இவ்வாறு நடத்திப் பாருங்கள்: ஞாயிறு மாலை ஐந்தரை மணி, குழுவின் சொந்த வட்டாரத்து அரங்கம், பருவம் தொடங்குவதற்கு முன்பே நான்கு மொழிகளிலும் அறிவிப்பு, அறிவித்த பிறகு மின்னலைத் தவிர வேறெதற்காகவும் மாற்றமில்லை. அந்தச் சுற்றின் வருகைக் கணக்கை மற்றச் சுற்றுகளின் கணக்கோடு சேர்த்து வெளியிடுங்கள். நான் சொன்னது தவறென்று அந்தக் கணக்கு காட்டினால், அடுத்த பருவத்திலேயே பழைய முறைக்குத் திரும்பிவிடலாம்.

இப்படிக்கு,
உள்ளூர் லீக் ஆட்டங்களுக்குச் சீட்டு வாங்கி வரும் ஒரு தமிழ் ரசிகன்,
சிங்கப்பூர்